தோற்ற ஆட்டமும் தோலாத கருத்தும்

சதுரங்கப் பலகையிலே நிகழும் போர்களுக்கும் வரலாறு உண்டு. வென்றவர் பெயரையே அவ்வரலாறு பெரிதும் பொறித்து வைக்கின்றது. ஆயினும், தோற்றவருடைய சிந்தனை அத்தோல்வியைக் கடந்து வாழ்ந்த நிகழ்ச்சியொன்றை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

1918ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி, நியூயோர்க் நகரிலே நடைபெற்ற சுற்றுப்போட்டியில், அமெரிக்க வீரர் பிராங்க் மார்ஷலும் கியூபா நாட்டவரான கப்பபிளாங்காவும் எதிரெதிரே அமர்ந்தனர். 1909இல் இதே கப்பபிளாங்காவிடம் எட்டுக்கு ஒன்று என்ற வெற்றிக் கணக்கில் மார்ஷல் படுதோல்வி கண்டிருந்தார்.

வெள்ளைக் காய்களை நடத்திய கப்பபிளாங்கா ஸ்பானியத் தொடக்கத்தை மேற்கொண்டார். ரூய் லோப்பஸ் என்னும் ஸ்பானியக் குருவானவர் 1561இல் வெளியிட்ட நூலில் அதனை ஆராய்ந்தமையால், அவர் பெயராலும் அது வழங்கும். அதிலே கறுப்புக் காய்களுடையவர் பொறுமையுடன் காத்து நிற்பதே பெருவழக்கு. மார்ஷலோ, எட்டாம் நகர்த்தலில் அரசியின் முன்னின்ற காலாளை இரு கட்டம் முன்செலுத்தி, நடுக்களத்திலே ஒரு காலாளைப் பலிகொடுக்கத் துணிந்தார். அதனைக் கொண்டால், வெள்ளை அரசன்மீது கறுப்புப் படை பாயும்.

எதிரி நன்கு ஆராய்ந்து வந்த தாக்குதல் இது என்பதைக் கப்பபிளாங்கா உணர்ந்தார். எனினும், தம் திறமைக்கு விடப்பட்ட அறைகூவலாகக் கருதிப் பலியை ஏற்றதாக அவரே பின்னர் எழுதினார். மார்ஷல் அடுத்து ஒரு குதிரையையும் பலியாக நீட்டினார். கப்பபிளாங்கா அதனைத் தொடவில்லை. தாக்குதல்களை ஒவ்வொன்றாகத் தாங்கி, 36ஆம் நகர்த்தலில் வெற்றி பெற்றார்.

கப்பபிளாங்காவை வீழ்த்துவதற்கென்றே மார்ஷல் இம்முறையைப் பல்லாண்டு மறைத்து வைத்திருந்தார் என்றொரு கதை உண்டு. முன்னரும் இது ஆடப்பட்டமைக்குச் சான்று இருத்தலால், ஆராய்ச்சியாளர் அக்கதையை ஐயுறுவர்.

ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்த உண்மை வேறொன்று. அன்று பதினோராம் நகர்த்தலில் மார்ஷல் தம் குதிரையைப் பின்வாங்கினார். அதனை நின்ற இடத்திலேயே ஒரு காலாளாற் காத்திருப்பின் தாக்குதல் வலுப்பெறும் என்பது பின்னர் புலனாயிற்று. 1965இல், உலகப் பட்டத்துக்கு அறைகூவல் விடுப்பவரைத் தெரிவுசெய்யும் இறுதிப் போட்டியிலே, ஸ்பாஸ்கி இம்முறையைத் டால் என்னும் பெருவீரருக்கு எதிராகக் கையாண்டார், அப்போட்டியையும் வென்றார். மார்ஷல் தாக்குதல் என்று இன்று பெயர் பெற்றுள்ள இதனை எதிர்கொள்ள விரும்பாது, முன்கூட்டியே வேறு வழியில் விலகும் முதல்தர வீரரும் பலர்.

மாணவரின் விடைத்தாளைத் திருத்துங்கால், விடை பிழைத்தவிடத்தும் வழி சரியோ என நோக்குதல் ஆசிரியர் கடன். மார்ஷலின் வழி சரியானது, பிழைத்தது ஓரடியே.