க்ரீன்வுட் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயில்

சில வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் தாயார் இறந்துபோனார். அடக்கத்துக்காக நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியிலுள்ள க்ரீன்வுட் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஐந்தாவது அவென்யூவில் 25ஆம் தெருவருகே கார் திரும்பியதும் எதிரில் பழுப்புக் கல்லில் ஒரு தேவாலயம் தெரிந்தது. அதன் அடியில் புகுந்து மறுபக்கம் வந்த பிறகுதான் அது தேவாலயமல்ல, வெறும் வாசல் என்று புரிந்தது. கோபுர உச்சியில் பச்சைக் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. துக்க வீட்டுக்காரர்களோடு வந்த இடத்தில் கட்டடத்தை வேடிக்கை பார்க்க மனம் ஒப்பவில்லை. பிற்பாடு தனியாகப் பலமுறை போய்ப் பார்த்தேன். நான் மென்பொருள் எழுதுகிறவன். கட்டடக்கலை படித்தவன் அல்ல. ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை: இறந்தவர்களுக்கு எதற்கு இத்தனை பெரிய வாசல்?

தோட்டம் வந்த கதை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்ஹாட்டன்காரர்கள் இறந்தவர்களைத் தேவாலய முற்றங்களில் புதைத்துவந்தார்கள். முற்றங்கள் நிரம்பின. அடிக்கடி மஞ்சள் காய்ச்சல் பரவியது. புதைகுழிகளிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்று பலர் நம்பினார்கள். (கொசுதான் காரணம் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே நிரூபணமானது.) 1823இல் கேனால் தெருவுக்குத் தெற்கே புதைப்பது தடை செய்யப்பட்டது. நகரத்துக்கு வெளியே, மரமும் குளமும் சூழ்ந்த தோட்டமாகவே இடுகாட்டை அமைக்கும் எண்ணத்தை 1831இல் பாஸ்டன் அருகே மவுண்ட் ஆபர்ன் செய்து காட்டியது. 1838இல் க்ரீன்வுட் பிறந்தது. இன்று அதன் பரப்பு 478 ஏக்கர். 1776இல் வாஷிங்டனின் படை பிரிட்டிஷாரிடம் தோற்ற லாங் ஐலண்ட் போரின் ஒரு பகுதி நடந்த மேடும் அதற்குள் இருக்கிறது.

முதலில் மனைகள் வேகமாக விற்கவில்லை. 1844இல் முன்னாள் ஆளுநர் டிவிட் க்ளிண்டனின் எச்சங்களை ஆல்பனியிலிருந்து கொண்டுவந்து இங்கே புதைத்தார்கள். பெரிய மனிதர் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். 1860களின் தொடக்கத்தில் வருடத்துக்கு சுமார் 5 லட்சம் பேர் இங்கே வந்துபோனார்கள். பெரிய பொதுப் பூங்காக்கள் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தன. குடும்பத்தோடு உலாவ இதுவே இடம்.

வாசலின் அமைப்பு

இந்தக் கூட்டத்தின் மத்தியில்தான், 1861 முதல் 1865 வரை, வாசல் கட்டப்பட்டது. உள்நாட்டுப் போரின் வருடங்களும் அவையே. வரைந்தவர்கள் ரிச்சர்ட் அப்ஜானும் அவர் மகன் ரிச்சர்ட் மிச்சல் அப்ஜானும். மகனின் பங்கே பெரிது என்பார்கள். தந்தை இங்கிலாந்தில் மரத்தச்சு வேலை கற்று, 1829இல் அமெரிக்கா வந்தவர். 1846இல் முடிந்த வால் தெரு ட்ரினிட்டி தேவாலயம் அவருடையது.

கூர்முனை கொண்ட இரண்டு வளைவுகள், அவற்றின் நடுவிலும் இரு பக்கங்களிலும் கோபுரங்கள், பல நிறப் பலகைக்கல் வேய்ந்த கூரை. பழுப்பு மணற்கல் நியூ ஜெர்சியின் பெல்வில் சுரங்கங்களிலிருந்து வந்தது. வளைவுகளுக்கு மேல் வெளிர்நிற நோவா ஸ்கோஷியா கல்லில் ஜான் மோஃபிட் செதுக்கிய காட்சிகள் இருக்கின்றன: லாசரு உயிர்பெறுவது, விதவையின் மகன் எழுவது, இயேசுவின் உயிர்த்தெழுதல்.

எகிப்தா, கோதிக்கா?

அன்றைய கல்லறை வாசல்களுக்கு எகிப்தியப் பாணி பிரபலம். மவுண்ட் ஆபர்னில் 1832இல் மரத்தால் எகிப்திய வாசல் எழுப்பி, கல் போலத் தெரிய மணல் கலந்து வண்ணம் பூசினார்கள்; 1842இல் கருங்கல்லில் மாற்றினார்கள். நியூ ஹேவனின் க்ரோவ் தெருக் கல்லறையிலும் 1845இல் எகிப்திய வாசல்தான். சாவைக் கண்டு அஞ்சாமல் நிற்கும் கனமான கல் என்பது அதன் கவர்ச்சி. கிறிஸ்தவர்களின் இடத்தில் ஃபாரோக்களுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. அப்ஜான்களின் விடை கோதிக். எகிப்திய வாசல் அழுத்தமாக மூடுகிறது. இது மேல்நோக்கி இழுக்கிறது.

கிளிகள்

1966இல் நியூயார்க் நகரம் இந்த வாசலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஆனால் கோபுரத்தின் உண்மையான குடியிருப்பாளர்கள் மாங்க் பாரகீட் என்னும் அர்ஜென்டினாவின் கிளிகள். 1960களில் விமான நிலையத்தில் ஒரு பெட்டி உடைந்து தப்பித்தவை என்பது செவிவழிக் கதை. மற்றக் கிளிகள் பொந்துகளில் வாழும். இவை மட்டும் குச்சிகளை அடுக்கிப் பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய கூடு கட்டும். அதனால்தான் பனிக்காலத்தையும் தாங்குகின்றன. நிர்வாகம் முதலில் கூடுகளை அகற்றியது, பிறகு விட்டுவிட்டது. புறாக்களின் எச்சம் பழுப்புக் கல்லை அரிக்கும், கிளிகளின் எச்சம் அவ்வளவு கெடுதல் செய்யாது, கிளிகள் இருந்தால் புறாக்கள் அண்டுவதில்லை என்று காரணம் சொல்கிறார்கள்.

என் கேள்விக்கு விடை வாசலின் இரு பக்கச் சிறகுகளில் இருந்தது. ஒன்றில் அலுவலகம், மற்றொன்றில் பிரார்த்தனைக்கும் வருகிறவர்கள் உட்காருவதற்குமான இடம். இறந்தவருக்கு இரண்டும் வேண்டாம். கட்டடம் முழுவதும் திரும்பிப் போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது.

அன்று அடக்கம் முடிந்து வெளியே வரும்போது நண்பர் வளைவின் கீழ் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று, வெகுநேரம் மேலே கிளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.