உறங்க வைத்தலும் எழுப்புதலும்: ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தின் வழக்கங்கள்

தமிழ் இலக்கியத்தில் கிடைக்கும் மிகப் பழைய தாலாட்டாகக் கருதப்படுவது ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தது. 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பெரியாழ்வார், கண்ணனைத் தொட்டிலிட்டுப் பத்துப் பாசுரங்கள் பாடியிருக்கிறார். பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான். சிவன் மாதுளம்பூக் கோத்த அரைவடம் அனுப்புகிறான். இந்திரன் கிண்கிணி கொண்டுவந்து நிற்கிறான். பாசுரத்துக்குப் பாசுரம் சீர் மாறுகிறது. பலன் சொல்லும் கடைசிப் பாசுரம் தவிர, முடிவில் வரும் 'தாலேலோ' மட்டும் மாறுவதில்லை. ஊர்க் கோயிலின் மூலவர் வடபத்ரசாயியும் ஆலிலையில் பள்ளிகொண்ட பெருமாளே.

நாட்டுப்புறத் தாலாட்டும் இதே கட்டுக்கோப்பு உடையது. தேவர்களின் இடத்தில் அங்கே தாய்மாமன் சீர் கொண்டுவருவார். அழும் பிள்ளையிடம் அடித்தது யார் என்று கேட்டு, அத்தை, மாமன், பாட்டி என உறவுகள் வரிசையாகச் சொல்லப்படும். இடையிடையே 'ஆராரோ' இழுபடும். அடுத்து என்ன வரும் என்பது பிள்ளைக்குப் பழகிப்போயிருக்கும்.

பாட்டுக்குத் துணை தூளி. பழைய நூல்சேலையை வீட்டு உத்திரத்திலோ, காட்டு வேலைக்குப் போன இடத்தில் வேப்பங்கிளையிலோ கட்டுவார்கள். வாய் விரிந்து நிற்கத் தொட்டில் கம்பு குறுக்கே செருகப்படும். துணி பிள்ளையின் உடலை எல்லாப் பக்கமும் அணைத்துப் பிடிக்கும், வெளிச்சத்தை மறைக்கும், ஒரே சீராக ஆடும். மெல்ல ஆடும் கட்டிலில் பெரியவர்களும் விரைவில் தூங்கிவிடுவதை ஜெனீவா ஆய்வாளர்கள் 2011-இல் பதிவு செய்தனர்.

எழுப்பும் வழக்கத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இலக்கியம் உண்டு. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களில் 6 முதல் 15 வரை தோழியரை எழுப்புபவை. பறவை ஒலி, சங்கு, தயிர் கடையும் அரவம், வெள்ளி முளைத்தது என விடியலின் அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. எழாத ஒருத்தியைப் பற்றி அவள் தாயிடமே கேட்கிறார்கள்: ஊமையா, செவிடா, மந்திரத்தால் கட்டுண்டாளா?

தூங்காத பிள்ளைக்கும் ஊர் காரணம் வைத்திருந்தது. கைக்குழந்தை ஓயாமல் அழுதால் உரம் (உடல் பிடிப்பு) விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டினார்கள். வளர்ந்த பிள்ளை இரவில் அலறினால் பயந்திருக்கிறது என்று மந்திரித்துத் திருநீறு போட்டார்கள். கண் பட்டது என்றால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள்.

20-ஆம் நூற்றாண்டில் பஞ்சாலை வந்து இரவையே மாற்றியது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஷிப்டு முறையில், வீட்டில் ஒருவர் படுக்கும் நேரத்தில் இன்னொருவர் வேலைக்குக் கிளம்பினார். பெண்களின் இரவுப்பணிக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல் நீக்கியது. வீடு முழுவதும் ஒரே நேரத்தில் அடங்கும் வழக்கம் இப்படிக் குலைந்தது.

ஊர் சொன்ன காரணங்களுக்கு அப்பால், தூங்காத பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஆட்டிசம் காரணமாக இருக்கலாம் என்பது பின்னாளில் வந்த அறிவு. மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்தார். இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்கச் சிக்கல் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. படுத்து நெடுநேரம் தூங்காதிருத்தல், நள்ளிரவில் விழித்தல், விடியுமுன் எழுந்துவிடுதல் ஆகியவை முக்கியமானவை. உடலில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு மாறுபடுவது, ஒலி ஒளி தொடுகையை மிகையாக உணர்வது, பதற்றம், வயிற்றுக் கோளாறு, வலிப்பு எனக் காரணங்கள் பல.

அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உடல் காரணங்களை முதலில் கவனிக்கச் சொல்கிறது. பிறகு படுக்கும் நேரத்தையும் அதற்கு முந்தைய செயல்களின் வரிசையையும் மாற்றாமல் வைப்பது; அது போதாதபோதே மெலடோனின். இவற்றில் மாறாத வரிசையைத் தாலாட்டு ஏற்கெனவே தந்தது; மங்கிய வெளிச்சத்தையும் உடலைத் தாங்கும் துணியையும் தூளி தந்தது. ஆனால் ஒலி பொறுக்காத பிள்ளைக்குப் பாட்டே இடைஞ்சலாகலாம். அணைப்பு பிடிக்காத பிள்ளைக்குத் தூளியும் ஆகாது. வழக்கத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அந்தந்தப் பிள்ளையைக் கவனித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.