ஓராண்டுத் தவணை

கலப்பு மணம் என்றதும், இரு மதத்தார் மணமேடையில் இணைவதையே நாம் எண்ணுகிறோம். ஆனால் இந்தியத் திருச்சபையின் வரலாற்றில் மற்றொரு நிலையும் உண்டு. ஒரே மதத்தில் தொடங்கிய இல்லறம், ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதால் இரு மத இல்லறமாயிற்று.

இதன்பொருட்டு 1866ஆம் ஆண்டில் மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டம் இயற்றப்பட்டது. கிறிஸ்தவரானவரை, அக்காரணத்தாலேயே அவருடைய துணை ஆறு மாதம் தொடர்ந்து விலக்கிவைப்பின், அவர் நீதிமன்றத்தை நாட அச்சட்டம் இடம் தந்தது. நீதிபதி அத்துணையை நேரில் வினவினார். மறுப்பின், வழக்கு ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. அதன் பின்னும் மனம் இசையாவிடில் மணம் முறிந்தது. இருவரும் மறுமணம் செய்ய முடிந்தது. பிள்ளைகளின் பிறப்புரிமைக்கு இழுக்கு நேரவில்லை.

1 கொரிந்தியர் 7:15இல் பவுல் கூறும் அறிவுரையின் சாயலை இதில் காணலாம். எனினும், வழக்குத் தொடுக்கும் உரிமை கிறிஸ்தவரானவருக்கே இருந்தது. மற்றவர் விடை கூற முடிந்தது. விடுதலை கேட்க அச்சட்டம் வழி தரவில்லை. பின்னர் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், இந்துவாகவே நிலைத்திருக்கும் துணைக்கு, மற்றவரின் மதமாற்றத்தைக் காரணங்காட்டி மணவிலக்குக் கோரும் உரிமையை அளித்தது.

அதே அதிகாரத்தின் 12 முதல் 14 வரையுள்ள வசனங்களோ, சேர்ந்து வாழச் சம்மதிக்கும் துணையைத் தள்ளலாகாது என்கின்றன. சட்டமே ஓராண்டு பொறுத்தது. போதகர் அதனினும் குறைவாகப் பொறுக்கலாமோ? ஞானஸ்நான ஆயத்தக் காலத்திலேயே, வீட்டில் இருக்கும் மற்றவரையும் சந்தித்து, அவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பது நம் கடமையாகும்.