ஹூஸ்டன் அறையும் குதிகால் ரத்தமும்

கடும் ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைக்கு, கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் அநேகமாக இருப்பதில்லை. கேண்டிடா பூஞ்சை வாயில் வெண்படலமாகப் படிந்து ஆறாமல் நீடிக்கும். நியூமோசிஸ்டிஸ் பூஞ்சை நுரையீரலைத் தாக்கி மூச்சைத் திணறடிக்கும்.

1971இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் இக்குறையோடு பிறந்த டேவிட் வெட்டர், கிருமியற்ற பிளாஸ்டிக் அறைக்குள் வளர்ந்தான். துணியும் பொம்மையும் எத்திலீன் ஆக்சைடு வாயுவில் சுத்தமான பிறகே உள்ளே போயின. பெற்றோர் அவனைத் தொட்டது சுவரில் பொருத்திய கையுறை வழியாகத்தான். 1983இல் அக்காவின் எலும்பு மஜ்ஜை செலுத்தப்பட்டது. அதில் மறைந்திருந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் புற்றுநோயை உண்டாக்க, 1984 பிப்ரவரியில் 12 வயதில் இறந்தான்.

அவனுக்கிருந்த வகைக்குக் காரணமான மரபணு 1993இல் தெரியவந்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்துத் தாளில் உலர்த்திய ரத்தத்துளியிலேயே குறையைக் கண்டறியும் சோதனையை நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஜெனிஃபர் பக் குழுவினர் 2005இல் வெளியிட்டனர். கலிபோர்னியா 2010இலும் டெக்சாஸ் 2012இலும் அதைத் தொடங்கின. 2018க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் ஏற்றன. தொற்று தாக்குமுன் மஜ்ஜை மாற்று பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று பிழைக்கின்றனர்.