கூண்டில் வாழ்ந்த பச்சோந்தி

காற்றை மட்டுமே ஆகாரமாகக் கொண்டு ஜீவிக்கும் பிராணி பச்சோந்தி என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதியதை ஐரோப்பியப் பண்டிதர்கள் பல நூற்றாண்டுகள் நம்பி வந்தமையால், கூண்டில் அகப்பட்ட அந்த எளிய ஜீவன்களுள் எத்தனை பட்டினியால் மடிந்தனவோ என்று எண்ணுகையில் நெஞ்சம் பதைக்கிறது.

1669இல் கிளோத் பெரோ என்ற வைத்தியர் பச்சோந்தியின் உடற்கூற்றை விவரித்து நூல் வெளியிட்டார். 1672இல் எகிப்திலிருந்து வந்து சேர்ந்த பச்சோந்திகளைப் பாரிஸ் நகரத்துத் தம் இல்லத்தில் பரிவோடு வளர்த்த நாவலாசிரியை மதலேன் த ஸ்குதெரியோ, பின்னர் 1688இல் வெளியான தம் நூலொன்றில் அவற்றின் சரித்திரத்தையே வரைந்தார். அற்ப ஜந்து என்று ஒதுக்காமல் அதனைத் தோழமைக்குரிய உயிராகக் கண்ட அப்பெண்மணியின் உள்ளம் போற்றற்குரியது.

ஆயினும் கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் தீண்டாது இலைமேல் உருளும் துளிகளையே பருகும் அதன் சுபாவமும், சூரியனின் புறஊதாக் கதிர்கள் சாளரக் கண்ணாடியிலேயே பெரிதும் தடைப்பட்டுவிடுவதால் வைட்டமின் டி குன்றி, சுண்ணாம்புச் சத்து சேராது எலும்புகள் வளைந்துபோகும் காரணமும் அக்காலத்தார் அறியாதவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புறஊதா விளக்குகள் பரவிய பின்னரே கூண்டு வாழ்வு அதற்கு ஓரளவு சாத்தியமாயிற்று; அதற்குள் வியாபாரம் பெருகிவிட்டதால், மடகாஸ்கரின் பெரும்பாலான பச்சோந்தி இனங்களின் ஏற்றுமதி 1995இல் நிறுத்தப்பட்டது.