படியெடுத்துக் காத்த நூல்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டை மலையில், அப்பாண்டைநாதர் திருக்கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள் இன்றும் நிலைத்துள்ளன. கல்லுக்கு வாய்த்த அந்த ஆயுள் ஓலைக்கு வாய்க்கவில்லை. தமிழகத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஏடு சில நூற்றாண்டுகள் நிற்பதே அரிது. ஆயினும் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய சீவக சிந்தாமணி அழியவில்லை. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தார். சாத்திர தானம் எனச் சமணர் போற்றிய அறம் அது. 1887இல் உ.வே.சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணர்கள் பொருள் விளக்கி உதவியதை அவரே எழுதியுள்ளார்.

வளையாபதிக்கு அந்தப் பேறு இல்லை. திருவாவடுதுறையில் முன்பு தாம் கண்ட அதன் ஏடு, பின்னர்த் தேடியபோது அகப்படவில்லை என்று ஐயர் வருந்தினார். எஞ்சியவை பிறர் எடுத்தாண்ட 72 பாடல்களே.

இன்று ஏடுகள் கணினிக் கோப்புகளாகி வருகின்றன. கணினியில் ஏறியதும் நூல் என்றைக்கும் இருக்கும் என்பது பலரது எண்ணம். உண்மையில் வன்தட்டின் ஆயுள் ஓலையினும் மிகக் குறைவு. தட்டு பழுதாகாவிடினும் எழுத்து பழுதாகலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முதற்கோப்புகள் 'மயிலை' எழுத்துருவில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ரோமன் எழுத்துகளாகவே தோன்றும். தன்னார்வலர்கள் அவற்றைத் திஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றியதனால்தான் இன்றும் படிக்க இயல்கிறது. இதுவும் ஒருவகைப் படியெடுத்தலே.

ஆய்வுத் தரவுக் காப்பகங்கள் இப்பணியை முறையாகச் செய்கின்றன. நூற்பெயர், கிடைத்த இடம், நாள் ஆகிய குறிப்புகளைக் கோப்புடன் சேர்த்தே வைக்கின்றன. குறிப்பில்லாத படம் பெயரிழந்த ஏட்டுக்கு ஒப்பாகும். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்ட ஓர் எண்ணைப் பதிந்து, குறித்த காலந்தோறும் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கின்றன. ஓரெழுத்து திரிந்தாலும் அந்த எண் மாறிவிடும். இவ்வுத்தி சமணருக்கு முற்றிலும் புதியதன்று. வடமொழி, பிராகிருத ஏடுகளின் இறுதியில் 32 அசைகளை ஓர் அளவாகக் கொண்டு நூலின் மொத்த அளவைக் குறிக்கும் வழக்கம் சமணரிடையே இருந்தது. எழுதியவர் எங்கேனும் விட்டுவிட்டாரா என்பதை அத்தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

காப்பகங்கள் ஒரே கோப்பை வெவ்வேறு ஊர்களில் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஷட்கண்டாகமத்தின் தவளா உரை நெடுங்காலம் கருநாடகத்து மூடபித்ரியில் மட்டுமே ஏடாக இருந்தது. அங்கிருந்து படிகள் வெளியூர் சென்ற பின்னரே, 1939இல் அதன் முதற்பகுதி அச்சேறியது.