ஐந்து சதவீதத்திலிருந்து சுங்கச்சாவடி வரை: இந்தியக் கட்டமைப்புப் பணிகளில் அரசு–தனியார் கூட்டின் வரலாறு

அரசு–தனியார் கூட்டு என்றதும் 1991-க்குப் பிறகு வந்த சுங்கச்சாவடிகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆய்வுகள் பலவும் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஆனால் பழைய ஒப்பந்தங்களையும் புதியவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் 1849 ஆகஸ்ட் 17-க்குப் போயாக வேண்டும். அன்றுதான் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே ஆகிய இரு தனியார் நிறுவனங்களுடன் கிழக்கிந்தியக் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. தனியார் முதலுக்கு அரசின் உத்தரவாதம் அப்போதிலிருந்து ஏதாவது ஒரு வடிவில் தொடர்ந்து வருகிறது. எதற்கு உத்தரவாதம் என்பதில்தான் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அந்த மாற்றத்தின் தடத்தைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1849 ஒப்பந்தத்தின் விதிகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ரயில்வே நிறுவனம் லண்டனில் பங்கு விற்றுத் திரட்டும் பணத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கருவூலத்தில் கட்டும். அந்தப் பணத்துக்கு 99 ஆண்டுகளுக்கு ஐந்து சதவீத வட்டியை அரசு தரும். நிலம் இலவசம். வருமானம் ஐந்து சதவீதத்தைத் தொடாவிட்டால் குறையை இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்ட வேண்டும். தாண்டினால், உபரியில் ஒரு பாதி அரசு அதுவரை தந்த வட்டியை அடைக்கப் போகும். இருபத்தைந்தாம் அல்லது ஐம்பதாம் ஆண்டில் பாதையை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. நிறுவனத்துக்கும் ஒரு வெளியேறும் வழி இருந்தது. தொழில் கட்டுபடியாகவில்லை என்றால் ஆறு மாத முன்னறிவிப்போடு பாதையை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, போட்ட முதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'போட்ட முதல்'. ஐந்து சதவீதம் கணக்கிடப்பட்டது முன்கூட்டிப் பேசி முடித்த விலைக்கு அல்ல, செலவான தொகைக்கு. செலவைக் கண்காணிக்க நிர்வாகக் குழுவில் தடை அதிகாரம் கொண்ட ஓர் அரசுப் பிரதிநிதியும், இந்தியாவில் அரசின் ஆலோசனைப் பொறியாளர்களும் இருந்தார்கள். இருந்தும், மைலுக்குச் சுமார் 8,000 பவுண்டு என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் போட்ட மதிப்பீடு இரு மடங்கைத் தாண்டியது. 1865 முதல் 1868 வரை இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸ்ஸி, 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: ஐந்து சதவீதம் உறுதியாகிவிட்ட பங்குதாரருக்குத் தன் பணம் ஹூக்ளி ஆற்றில் எறியப்படுகிறதா, செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறுகிறதா என்பது பற்றிக் கவலையே இல்லை என்பது அவர் சாட்சியத்தின் சாரம். அந்தப் பங்குதாரர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிட்டனில் இருந்தார்கள். வட்டி கட்டியது இந்திய வரிதாரர். தாதாபாய் நௌரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் ரயில்வே வட்டியைச் செல்வச் சுரண்டலின் கணக்கில் சேர்த்ததற்கு இதுவே காரணம்.

பாதைகள் எழுந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மெட்ராஸ் ரயில்வே 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓட்டியது. 1869-க்குள் உத்தரவாத நிறுவனங்கள் நாட்டில் ஏறத்தாழ 4,000 மைல் பாதை போட்டிருந்தன. அந்தக் காலத்து இந்திய அரசு தன் கையிருப்பைக் கொண்டு இவ்வளவு விரைவில் இதைச் செய்திருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அரசே நேரடியாகக் கடன் வாங்கியிருந்தால் வட்டி ஐந்து சதவீதத்துக்குக் கீழேதான் இருந்திருக்கும். 1869-இல் வைசிராய் லாரன்ஸ் முன்வைத்த வாதமும் ஏறத்தாழ இதுவே: லாபம் முழுவதும் நிறுவனங்களுக்கு, நட்டம் முழுவதும் அரசுக்கு என்றால், அரசே கட்டிவிடலாமே. அடுத்த பத்தாண்டு அரசே கட்டியது. செலவைக் குறைக்க மீட்டர் பாதையும் வந்தது. பஞ்சமும் ஆப்கானியப் போரும் கருவூலத்தை வற்றச் செய்த பிறகு, 1880-களில் குறைந்த வட்டி உத்தரவாதத்துடன் தனியார் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். இம்முறை பாதை அரசின் சொத்து. கட்டுவதும் ஓட்டுவதும் நிறுவனத்தின் வேலை.

ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயை 1880-இல் அரசு வாங்கியது. விலையை ஒரே தவணையில் கொடுக்காமல் ஆண்டுத்தொகையாகப் பல பத்தாண்டுகளுக்குக் கட்ட ஒப்புக்கொண்டு, ஓட்டும் பொறுப்பை அதே நிறுவனத்திடம் திரும்பக் கொடுத்தது. கிரேட் இந்தியன் பெனின்சுலா 1900 வரையும் மெட்ராஸ் ரயில்வே 1907 வரையும் காத்திருந்தன. இருபத்தைந்தாம் ஆண்டில் வாங்கும் உரிமையை, உபரியில் பாதி கிடைக்கும் என்ற பேரத்துக்காக இந்திய விவகாரச் செயலர் லண்டனில் விட்டுக்கொடுத்திருந்தார். 1920–21-இல் ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த ஆக்வொர்த் குழு, வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் அதில் ஓர் உறுப்பினர், அரசு நிர்வாகமா, நிறுவன நிர்வாகமா என்பதில் இரண்டாகப் பிரிந்து நின்றது. தலைவர் ஆக்வொர்த் தனியார் நிர்வாகத்தில் நம்பிக்கை கொண்டவர். இந்திய நிலைமையைப் பார்த்தபின் அரசு நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்தார். 1925-இல் முதல் இரு பாதைகளும் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. தென்னிந்திய ரயில்வேயும் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தாவும் 1944-இல்.

ரயிலைவிடப் பாடம் மிகுந்தது ஒரு கால்வாயின் கதை. பொறியாளர் ஆர்தர் காட்டனின் தூண்டுதலால் 1858-இல் உருவான மெட்ராஸ் பாசன நிறுவனத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு வரை ஐந்து சதவீத உத்தரவாதம் கிடைத்தது. துங்கபத்திராவில் சுங்கேசுலா அணையிலிருந்து கர்நூல் வழியாகக் கடப்பை வரை கால்வாய். கோதாவரி, கிருஷ்ணை டெல்டாக்களில் காட்டனின் அணைகள் கண்ட வெற்றி அனைவரையும் மயக்கியிருந்தது. ஆனால் கர்நூல் பகுதி டெல்டா அல்ல. அங்கே பெரும்பகுதி கரிசல் நிலம். மழை ஈரத்தைப் பிடித்து வைத்து சோளத்தையும் பருத்தியையும் விளைவிக்கும் மண். நல்ல மழை பெய்த ஆண்டில் உழவர் காசு கொடுத்துக் கால்வாய் நீர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கால்வாயில் தண்ணீர் வந்தது, கேட்பவர் வரவில்லை. உத்தரவாதத் தொகைக்குள் வேலை முடியவும் இல்லை. 1882-இல் அரசு அதை வாங்கிக்கொண்டது. பயன்படுத்துவோர் இத்தனை பேர் வருவார்கள் என்ற கணிப்பு பொய்த்தால் நட்டம் யார் தலையில் என்ற கேள்வியை இந்தியாவில் முதன்முதலில் அப்பட்டமாக எழுப்பியது இந்தக் கால்வாய்தான் என்பது என் கணிப்பு.

விடுதலைக்குப் பின் நாற்பது ஆண்டுகள் கட்டமைப்பு அரசின் தனி வேலையாக இருந்தது. அந்தக் காலத்தின் சாதனைகளும் சோர்வுகளும் வேறொரு கட்டுரைக்கானவை.

1991-க்குப் பின் முதலில் திறந்தது மின்துறையின் கதவு. மின்நிலையம் 68.5 சதவீதத் திறனில் இயங்கினாலே பங்கு முதலுக்கு 16 சதவீத வருவாய் என்று கொள்கை அறிவிக்கப்பட்டது. வாங்குவோர் மாநில மின்வாரியங்கள். அவற்றின் நிதி நிலைமை ஊரறிந்தது. எனவே விரைவுத் தடத்தில் வைத்த எட்டுத் திட்டங்களுக்கு மாநில உத்தரவாதத்தின் மேல் மத்திய அரசின் எதிர் உத்தரவாதமும் வழங்கப்பட்டது. அந்தப் பட்டியலில் நெய்வேலியின் 250 மெகாவாட் திட்டமும் இருந்தது. உலகறிந்தது என்னவோ மகாராஷ்டிரத்தில் என்ரான் கட்டிய தாபோல்தான். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்ட வேண்டிய நிலையில் மாநில மின்வாரியம் 2001-இல் கையை விரித்தது. என்ரான் மத்திய அரசின் உத்தரவாதத்தைக் கோரியது; அவ்வாண்டு மே மாதம் நிலையம் மூடப்பட்டது. 16 சதவீதம் என்ற எண்ணை 5 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நினைவு அன்றைய கொள்கை வகுப்பாளர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த எடுத்துக்காட்டில் அந்த மறதி இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. டெல்லியையும் நொய்டாவையும் யமுனைக்கு மேல் இணைக்கும் சுங்கப் பாலம் 2001-இல் திறக்கப்பட்டது. செலவு சுமார் 408 கோடி ரூபாய். 1997 நவம்பரில் செய்த ஒப்பந்தப்படி, ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனம் உருவாக்கிய நொய்டா டோல் பிரிட்ஜ் நிறுவனத்துக்குத் திட்டச் செலவில் ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் சேர வேண்டும். சுங்க வசூல் அதற்குக் குறைந்தால் குறைந்த தொகை திட்டச் செலவோடு சேர்க்கப்படும்; மறு ஆண்டு அதற்கும் 20 சதவீதம். முழுத்தொகையும் வரும் வரை முப்பது ஆண்டு உரிமைக் காலம் நீளும். இந்த வளர்ச்சியில் எந்தத் தொகையும் நான்கு ஆண்டுக்குள் இரட்டிப்பாகிவிடும். பாலத்தில் வண்டிகளுக்குக் குறைவில்லை, வசூலுக்கும் குறைவில்லை. ஆனால் காகிதத்தில் பாக்கி ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது. குடியிருப்போர் நலச் சங்கங்களின் வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016 அக்டோபரில் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, டெண்டர் விடாமல் உரிமை கொடுத்ததையும் கண்டித்தது. மாஸ்ஸி சொன்ன நோயின் முற்றிய நிலை இது. 1849-இல் குறைந்தபட்சம் வட்டி மட்டும்தான் உறுதி. இங்கே வராத லாபமும் முதலாக மாறியது.

கர்நூல் கால்வாயின் வாரிசு திருப்பூரில் இருக்கிறது. பின்னலாடை நகரின் சாயப் பட்டறைகள் லாரித் தண்ணீரை நம்பியிருந்த காலத்தில், பவானி ஆற்றிலிருந்து குழாய் வழியே நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் உருவானது. தமிழ்நாடு அரசும் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமும் ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்த முயற்சி அது. இந்தியாவில் தனியார் பங்கேற்ற முதல் பெரிய குடிநீர்த் திட்டம் என்று பாராட்டப்பட்டது. பட்டறைகள் அதிக விலை கொடுக்கும். அந்த வருவாயில் வீடுகளுக்கும் ஊராட்சிகளுக்கும் குறைந்த விலையில் நீர் போகும் என்பது ஏற்பாடு. 2005-இல் நீர் வந்தது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு மாசடைந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் அதிக விலை கொடுத்தவர்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். மீண்டும் இயங்கிய பட்டறைகள் கழிவைச் சுத்திகரித்து அதே நீரைத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கின. சூழலுக்கு அது நல்லது, நீர் விற்பவருக்கு அல்ல. நொய்யல் செத்துக்கொண்டிருப்பது ஒப்பந்தம் எழுதும்போதே தெரிந்த செய்தி. அந்த ஆபத்துக்கு அதில் உரிய இடம் கொடுக்காமல் விட்டது குறைதான்.

நெடுஞ்சாலைத் துறையில் வேறொரு திருப்பம் ஏற்பட்டது. 1995-இல் சட்டம் திருத்தப்பட்டுத் தனியார் சுங்கம் வசூலிக்க வழி பிறந்தது. கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் இம்முறையில் போக்குவரத்துக் குறைந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. தானாகக் கட்டுபடியாகாத திட்டங்களுக்கு 2006 முதல் மத்திய அரசு திட்டச் செலவில் 20 சதவீதம் வரை மானியம் தரும். மேலும் 20 சதவீதம் வரை உரிய அமைச்சகமோ மாநிலமோ சேர்க்கலாம். எவர் குறைந்த மானியம் கேட்கிறாரோ அல்லது அரசுக்கு அதிகப் பணம் தர முன்வருகிறாரோ அவருக்கே சாலை. தாளில் பார்த்தால் லாரன்ஸ் கேட்டது இதுதான்: லாபம் யாருக்கோ நட்டமும் அவருக்கே. ஏலத்தில் வெறி ஏறியது. கிஷன்கட்–உதய்பூர்–அகமதாபாத் 555 கிலோமீட்டர் சாலைக்கு ஜி.எம்.ஆர். நிறுவனம் 2011-இல் ஆண்டுக்கு 636 கோடி ரூபாய் தருவதாகக் கேட்டு வென்றது. ஓராண்டு கழித்து, அனுமதிகள் தாமதமானதைக் காரணம் காட்டி விலகியது. பொருளாதாரம் மந்தமானபோது பல சாலைகளில் வண்டிகள் கணித்த அளவுக்கு வரவில்லை, நிலமும் முழுதாகக் கைக்கு வரவில்லை. 2014-இல் அரசு தனக்கு வர வேண்டிய தொகையைத் தள்ளிக் கட்ட அனுமதித்தது. கடன் கொடுத்திருந்தவை பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகள். நிறுவனத்தின் மேல் சுமத்திய நட்டம் வாராக் கடனாக உருமாறி, வங்கிகளுக்கு அரசு போட்ட மறுமுதல் வழியாகக் கருவூலத்துக்கே வந்து சேர்ந்தது.

அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களை மறுஆய்வு செய்த விஜய் கேல்கர் குழு 2015 நவம்பரில் அளித்த அறிக்கை, எந்த ஆபத்தை யாரால் சமாளிக்க முடியுமோ அவரிடமே அது இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 2016 ஜனவரியில் வந்த ஹைப்ரிட் ஆன்னுயிட்டி முறை அந்தத் திசையில் ஓர் அடி. ஏலத்தில் முடிவான விலையில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தரும். மீதி 60 சதவீதத்தை நிறுவனம் போட்டு, பதினைந்து ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆண்டுத்தொகையாகத் திரும்பப் பெறும். பாக்கிக்கு வட்டியும் உண்டு. தொடக்கத்தில் அது ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்துக்கு மேல் மூன்று சதவீதம். சுங்கம் வசூலிப்பது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். வண்டி வராவிட்டால் நட்டமும் அதற்கே. எண்பது சதவீத நிலம் கையில் இல்லாமல் வேலை தொடங்காது.

மேலோட்டமாகப் பார்த்தால் உத்தரவாத வட்டி திரும்பிவிட்டது. ஆனால் வட்டி இப்போது செலவான தொகைக்கு அல்ல. ஏலத்தில் முடிவாகி விலைவாசிக்கேற்ப மட்டும் திருத்தப்படும் தொகைக்கு. பணத்தை வீணாக்கினால் அந்த நட்டம் கட்டுபவருடையது. எத்தனை வண்டி வரும் என்ற, கட்டுபவரால் கட்டுப்படுத்த முடியாத ஆபத்து அரசிடமே நிற்கிறது. செலவைத் தனியாரிடமும் தேவையை அரசிடமும் பிரித்து வைத்த இந்தக் கோடு கிடைக்க 167 ஆண்டுகள் பிடித்தன. கர்நூலிலும் ஹூக்ளிக் கரையிலும் அதற்கான பாடங்கள் ஏற்கெனவே எழுதப்பட்டுக் கிடந்தன.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம், கட்டி முடித்த சாலைகளை முன்பணம் வாங்கிக்கொண்டு ஓட்டக் கொடுக்கும் முறையையும் தொடங்கியது. 2018-இல் முதல் தொகுப்பாக ஒன்பது நெடுஞ்சாலைகள், ஏறத்தாழ 680 கிலோமீட்டர், 9,681 கோடி ரூபாய்க்கு முப்பது ஆண்டுகளுக்கு மக்குவாரி நிறுவனத்திடம் போயின. சொத்து அரசுடையது, ஓட்டுபவர் தனியார்: 1880-இன் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே ஏற்பாடும் இதுவே. அன்று அரசு தவணை கட்டியது; இன்று முழுத்தொகையும் முதலிலேயே அரசுக்கு வருகிறது. இங்கே போக்குவரத்தின் ஆபத்து மறுபடியும் தனியாரிடம் இருக்கிறது. ஆனால் பல ஆண்டு சுங்கக் கணக்கு கையில் உள்ள சாலை என்பதால் அதற்கு விலை போட முடிகிறது.